நேரம் கிடைக்கும்போது யோசனை வருவதில்லை, யோசனை வரும்போது கையில் பென்சில் இருப்பதில்லை

கட்டங்காரன் கேட்டது:

நான் குறுக்கெழுத்துப் புதிர் கட்டுகிறவன். நிரப்புகிறவன் அல்லன், கட்டுகிறவன். பதினோரு ஆண்டுகளாக மாதம் ஒரு புதிர் என்று முப்பது நண்பர்களுக்கு அனுப்பிவந்தேன். கடந்த எட்டு மாதங்களில் ஒன்றுகூட முடியவில்லை. முதல் இரண்டு மாதம் "என்ன ஆயிற்று?" என்று கேட்டார்கள். இப்போது கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் உறுத்துகிறது.

இந்த வேலையைப் பற்றி அறியாதவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. "நட்டால் முளைப்பது, கதிரவன் தலை காட்டினால் பாட்டாகும்." மூன்றெழுத்து. நட்டால் முளைப்பது விதை. கதிரவன் என்ற சொல்லின் தலையெழுத்து 'க'. அது முன்னால் வந்து நின்றால் கவிதை. இப்படி ஒரு புதிருக்கு இருபத்தைந்து முப்பது குறிப்புகள் வேண்டும். மேலுக்குப் படித்தால் ஒரு பொருள் தர வேண்டும், பிரித்துப் பார்த்தால் சொல்லின் எலும்பு தெரிய வேண்டும். மேலே சொன்ன குறிப்பு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது கிடைத்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன், வருத்தமே இல்லை.

இப்போது என் நாள் இப்படி இருக்கிறது. கணக்குப் பிரிவில் வேலை. வீடு திரும்பினால் மகளின் வீட்டுப்பாடம். எட்டு மணிக்கு அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து. இரண்டு மருந்துகள், ஒன்று விட்டபின் ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. எல்லாம் முடிந்து, கதவைத் தாழிட்டு, கட்டம் போட்ட நோட்டோடு உட்காரும்போது மணி பத்து இருபது.

நேரமே இல்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, தொழில்புத்தி விடவில்லை, ஒரு வாரம் கணக்கு எழுதிப் பார்த்தேன். ஏழு இரவுகளில் மொத்தம் நான்கு மணி நாற்பது நிமிடம் அந்த நோட்டின் முன் உட்கார்ந்திருக்கிறேன்! குறைவான நேரமா அது? விளைச்சல் இரண்டே குறிப்புகள், அவற்றையும் மறுநாள் அடித்துவிட்டேன். ஓர் இரவு நோட்டின் மேலேயே தூங்கிப்போய், காலையில் கன்னத்தில் சுருள்கம்பியின் தடத்தோடு எழுந்தேன். மகள் எண்ணிப் பார்த்து "பதினான்கு வளையம்" என்றாள்.

ஆகவே என் கேள்வி, நேரம் எங்கே கிடைக்கும் என்பதல்ல. வேலை, வீடு இரண்டையும் வைத்துக்கொண்டு வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள், எதையாவது உருவாக்குகிறவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு யோசனை எப்போது வருகிறது? வந்ததை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்?

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிவிட்டேன்.

தபால்பெட்டி எழுதியது:

தம்பி, நான் அஞ்சல் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழந்தைப் பாட்டுகள் எழுதுவேன். அதனால் எங்கள் துறைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப், பிரிட்டனின் அஞ்சல் துறையில் அதிகாரி. 1852-இல் சேனல் தீவுகளில் தெருவோரத் தபால்பெட்டிகளை வைக்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர் அவரே (என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்). அந்த மனிதர் காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். துறை வேலையாக ஓயாமல் பயணம். அதற்கும் வழி கண்டார்: ரயில் பெட்டியில் மடிமேல் ஒரு பலகை, கையில் பென்சில். அதை அவருடைய மனைவி பிறகு படியெடுத்துக் கொடுத்தார். வேலையை விட்டது 1867-இல். அதற்குள் அவருடைய பெயர்பெற்ற நாவல்கள் பலவும் வந்துவிட்டன.

நீங்கள் காலை நான்கு மணியைத் தள்ளுபடி செய்தீர்கள், சரி. கடிகாரத்தைத் தள்ளாதீர்கள். நாற்பது நிமிடம் என்று நீட்டி உட்காராமல், பதினைந்தே நிமிடம் உட்காருங்கள். மணி அடித்ததும் பாதி வரியானாலும் எழுந்துவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். எழுதுவதில் முக்கால்வாசி தேறாது. அதைப் பற்றிப் புலம்ப எனக்கு நேரம் இருப்பதில்லை, மணி அடித்துவிடும்.

இரவுப்பணி எழுதியது:

பெரியவருக்கு வணக்கம். நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் கட்டங்காரனின் நோய் வேறு என்று தோன்றுகிறது. நாவலைச் சொற்களால் அளக்கலாம். "கதிரவன் தலை காட்டினால்" என்ற ஒரு திருப்பத்தை எதைக்கொண்டு அளப்பது? கால் மணி நேரம் முறைத்தால் அது வந்து நிற்குமா?

நான் செவிலியர். பாதி மாதம் இரவுப் பணி. கோட்டோவியம் வரைவேன், பெரும்பாலும் கைகளை மட்டும். எனக்கும் இதே வறட்சி இரண்டு ஆண்டுகள் இருந்தது. பணி முடிந்து வந்து வெள்ளைத் தாளைப் பார்ப்பேன், தாள் என்னைப் பார்க்கும், தூங்கிவிடுவேன்.

பிறகு ஒரு பழக்கம் வந்தது, திட்டமிட்டு வரவில்லை. பணிக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியைச் சட்டைப்பை அளவு அட்டையில் எழுதிக்கொண்டு போகிறேன். "கட்டிலின் பக்கக்கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் நகம் எந்தப் பக்கம் பார்க்கிறது?" அவ்வளவுதான். அட்டையை மறுபடி எடுக்கவே மாட்டேன். சோப்புப் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். ஓர் இரவில் எத்தனை முறை கழுவுகிறேன் என்பதை எண்ணியதில்லை. அந்த விநாடிகளில் என் கட்டைவிரல்கள் தாமாகவே கண்ணில் படும், கேள்வியும் கூடவே வரும். விடியும்போது ஒரு டஜன் கைகள் எனக்குப் பதில் சொல்லியிருக்கும். வலியில் பிடிக்கிறவர்களின் நகம் உள்ளே திரும்பிவிடுகிறது, எழுந்திருக்கப் பிடிக்கிறவர்களுக்கு மேலே பார்க்கிறது. இதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை, தவறாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்து வரையப் பத்து நிமிடம் போதும்.

யோசனை வந்ததும் குறித்து வையுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அட்டையில் எழுதுவது யோசனையை அல்ல. கேள்வியை, அதுவும் கிளம்புவதற்கு முன்னால்.

உங்களிடம் கேட்கிறேன்: பத்து இருபதுக்கு நோட்டைத் திறக்கும்போது, அன்று காலை முதல் எந்தச் சொல் உங்களோடு இருந்தது? ஒன்றுமில்லை என்றால், நீங்கள் தினமும் இரவில் புதிதாக அடுப்பு மூட்டுகிறீர்கள். இன்னொன்று. அப்பாவின் இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவில் இருக்கும் ஐந்து நிமிடம் எங்கே போகிறது?

கட்டங்காரன் எழுதியது:

அந்த ஐந்து நிமிடம் கைபேசிக்குப் போகிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறார், நான் கண்ணைத் திறந்துகொண்டு குனிந்திருக்கிறேன். நீங்கள் கேட்கும்வரை அதை நேரமென்றே நான் நினைக்கவில்லை. என் ஒரு வாரக் கணக்கிலும் அது ஏறவில்லை. கணக்குப் பிரிவுக்காரனுக்கு வெட்கக்கேடு.

கணக்கு வாத்தியார் எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. 1843 அக்டோபர் 16. அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் மனைவியோடு டப்ளினில் கால்வாய்க் கரையோரமாக ஒரு கூட்டத்துக்கு நடந்து போகிறார். ஒரு பாலத்தை நெருங்கும்போது, பல ஆண்டுகளாகப் பிடிபடாமல் இருந்த விடை பளிச்சென்று வருகிறது. கத்தியை எடுத்துப் பாலத்தின் கல்லிலேயே சமன்பாட்டைக் கீறிவிட்டார். குவாட்டர்னியன் என்ற, நான்கு உறுப்புகள் கொண்ட எண்கள் பிறந்த கதை இதுதான்.

பாலத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பாலம் அல்ல. அந்த மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் அவருடைய சிறு பையன்கள் கேட்பார்களாம்: அப்பா, மும்மைகளைப் பெருக்க முடிந்ததா? (மும்மை என்றால் மூன்று உறுப்புகள் கொண்ட எண்.) அவர் தலையை ஆட்டி, இல்லை, கூட்டவும் கழிக்கவும்தான் முடிகிறது என்பாராம். பிற்காலத்தில் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அதாவது அந்த வீட்டில் குழந்தைகளுக்குக்கூடக் கேள்வி தெரிந்திருந்தது! மூன்றை விட்டுவிட்டு நான்கு உறுப்புகளுக்குப் போனபோதுதான் பூட்டுத் திறந்தது.

நடை பற்றியும் ஒரு தகவல். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் சோதித்தார்கள். நடக்கும்போது, ஒரு பொருளுக்குப் புதுப்புதுப் பயன்களை அடுக்கச் சொன்னால் பெரும்பாலோர் உட்கார்ந்திருப்பதைவிட அதிகமாக அடுக்கினார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தாலும் அப்படியே. ஆனால் மூன்று சொற்களுக்கும் பொருந்தும் ஒரே சொல்லைக் கண்டுபிடி என்ற வகைக் கேள்விக்கு நடை அப்படி உதவவில்லை. உங்கள் தொழிலில் இரண்டு வேலையும் உண்டல்லவா? கட்டத்தை நிரப்புவது ஒன்று, குறிப்பைத் தேடுவது ஒன்று. இரண்டையும் ஒரே நாற்காலியில், ஒரே பத்து இருபதில் செய்கிறீர்கள்.

திரைச்சீலை எழுதியது:

பாலம், ரயில், மடிப்பலகை எல்லாம் படித்தேன். டிரோலப்பின் மனைவி படியெடுத்தார் என்ற வரியை ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

நான் குழந்தைகளுக்கு நாடகம் எழுதுகிறேன், எனக்கு இரட்டைக் குழந்தைகள். எனக்கு யோசனை வராத நாளே இல்லை. பாத்திரம் துலக்கும்போது வசனம் வரும், கை ஈரமாக இருக்கும், மறந்துபோகும். என் பற்றாக்குறை உண்மையிலேயே நேரம்தான், அதுவும் யாரும் கூப்பிடாத நேரம். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் இரவு ஏழு முதல் எட்டரை வரை நான் வீட்டில் இல்லாதவளாகக் கணக்கு என்று கணவரிடம் பேசித் தீர்த்தபிறகுதான் ஒரு நாடகம் முடிந்தது. பேசித் தீர்த்தேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், அது நான்கு மாதச் சண்டை.

கட்டங்காரரே, உங்கள் வாரக் கணக்கில் நான்கு மணி நாற்பது நிமிடம் உங்களுக்கு வரவு. வரவு இருந்தால் பற்றும் இருக்க வேண்டுமே. அந்தப் பத்து இருபதுக்கு உங்கள் மனைவி என்ன செய்துகொண்டிருக்கிறார்?

கட்டங்காரன் எழுதியது (நான்கு நாள் கழித்து):

இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதை எழுதத்தான் நான்கு நாள் ஆயிற்று. அடுத்த அறையில், மறுநாளைக்கு எல்லோருடைய துணிகளும். நோட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெட்டி மேசையில் வைக்கப்படும் சத்தம் காதில் விழும், இடைஞ்சலாக இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்வேன். திரைச்சீலையின் கேள்வியைப் படித்த இரவு கதவைச் சாத்தக் கை வரவில்லை. போய் நின்றேன். "என்ன, தூக்கம் வரவில்லையா?" என்றாள். இனி இது என் வேலை என்றேன். கொஞ்ச நேரம் நம்பவில்லை. பிறகு காலரை உள்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் உட்காரும் நாற்காலியில் போய்க் கால் நீட்டிக்கொண்டாள்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம், எட்டு மாதம் தாமதம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

செவிலியர் சொன்னபடி அன்று காலையே ஒரு சொல்லைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஐந்தெழுத்து. ஐந்து மாதமாகத் தண்ணீர் காட்டும் சொல். அதன் பின்பகுதி எளிது. முன்பகுதியில் இரண்டெழுத்து மிஞ்சுகிறது. அது பேச்சுவழக்கில்தான் சொல்லாகும், என் கட்டத்தில் பேச்சுவழக்குக்கு இடமில்லை என்பது பதினோரு ஆண்டுச் சட்டம். பஸ்ஸில் உருட்டினேன், இல்லை. மின்தூக்கியில், இல்லை. சொட்டு மருந்து ஐந்து நிமிடத்தில் அப்பாவிடமே கேட்டேன். கண்ணை மூடியபடி ஒரு பழமொழி சொன்னார், சம்பந்தமில்லை, ஆனால் பேசிக்கொண்டிருந்தோம்.

இரவு மூன்றாவது சட்டை மகளுடைய பள்ளிச் சட்டை. பொத்தான் பட்டியில் பெட்டியின் முனையை நுழைத்து நுழைத்துக் கீழே வருகிறேன். நான்கு பொத்தான்கள் தாண்டி ஐந்தாவது இடத்தில் பெட்டி தடையில்லாமல் வழுக்கிப் போயிற்று. பொத்தான் இல்லை, நூல் மட்டும் இரண்டு இழை நீட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பொத்தான் இல்லாத சட்டை. சட்டைதான், ஆனால் முழுமையில்லை. அப்போது புரிந்தது: என் இரண்டெழுத்தும் பேச்சுவழக்கு அல்ல, கடைசிப் பொத்தான் அறுந்த ஒரு முழுச்சொல்!

கத்தியால் கல்லில் கீற வழியில்லை. கையில் சூடான பெட்டி. "கடைசிப் பொத்தான், கடைசிப் பொத்தான்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மீதிச் சட்டைகளை முடித்தேன். மனைவி, நாளைக்குத் தைத்துவிடலாம், அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்றாள்.

தபால்பெட்டி எழுதியது:

ஐந்து மாதம் ஒரு சொல்லா? என் பதினைந்து நிமிடக் கணக்கில் அதற்குள் நாற்பது பாட்டு வந்திருக்கும். சரி, சரி, மகிழ்ச்சி. அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

கட்டங்காரன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

பெரியவரே, உங்கள் கடிகாரத்தையும் விடவில்லை. வாத்தியார் பிரித்துக் காட்டியதுதான் உதவிற்று. கட்டத்தை நிரப்புவது உட்கார்ந்து செய்யும் குமாஸ்தா வேலை. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆகவே குறுக்கே போகும் சொல்லில் 'ம்' விழுந்த கட்டத்திலிருந்து நெடுக்கே ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. 'ள', 'ழ', 'ற', 'ன' விழுந்தாலும் அதே கதை. சொல்லின் கடைசியில் 'க்', 'ட்' நிற்கக் கூடாது. இதையெல்லாம் பார்த்து அழித்து அழித்து மாற்றுவதற்கு நடையும் வேண்டாம், பாலமும் வேண்டாம். பதினைந்து நிமிடம், மணி அடித்தால் எழுந்துவிடுகிறேன். பதினொன்றுக்குப் பதினொன்று கட்டம் எட்டு நாளில் நிரம்பிவிட்டது.

குறிப்புகளுக்கு நாளொன்றுக்கு ஒரு சொல், அதற்கு மேல் எடுத்துப் போவதில்லை. எல்லா நாளும் விடை வருவதில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் முழுவதும் ஒன்றுமே இல்லை, அட்டை சட்டைப்பையிலேயே துவைக்கப் போய்க் கூழாகத் திரும்பியது. கைபேசியும் என்னை விட்டுவிடவில்லை. ஆனால் இஸ்திரி போடும்போது அதைத் தொட முடியாது, சட்டை கருகிவிடும். இருபத்தெட்டில் பத்தொன்பது குறிப்புகள் தயார். அவற்றில் ஏழு துணி தேய்க்கும்போது வந்தவை.

கேட்டீர்களே, இதோ. 9-வது குறுக்கு, ஐந்தெழுத்து:

"அவள் முடிவின்றித் தொடுத்த பூவில் விரைவு."

இரவுப்பணி எழுதியது:

இப்போதுதான் பணி இடைவேளை, மணி மூன்று பத்து. பொத்தானைச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள், அதனால் பாதிப் பெருமைதான் எனக்கு. அவள், முடிவு இல்லாமல், 'அவ'. தொடுத்த பூ, சரம். விரைவு என்றால் அவசரம். கை கழுவப் போனபோது வந்தது.

தபால்பெட்டி எழுதியது:

அவசரம்! இதற்கு ஐந்து மாதம்!

திரைச்சீலை எழுதியது:

விடை சரி, குறிப்பில் எனக்குக் குறை இருக்கிறது. அவள் என்றால் உடனே பூத்தான் தொடுக்க வேண்டுமா? சரம் என்றால் அம்பும்தானே. அம்பையும் தொடுக்கிறோம் என்றுதானே சொல்கிறோம். "அவள் முடிவின்றித் தொடுத்த அம்பில் விரைவு" என்று வைத்துப் பாருங்கள். பூவுக்கு என்ன விரைவு? அம்புக்கு உண்டு.

கட்டங்காரன் எழுதியது:

அம்பு! பூவை அழித்துவிட்டேன், நோட்டில் அந்த இடம் ஓட்டையே விழுந்துவிட்டது. புதிரின் கீழே உங்கள் பெயரைப் போடலாமா என்று சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுவேன், முப்பது பேரோடு நீங்கள் நால்வரும் பட்டியலில் உண்டு. 14-வது நெடுக்கு இன்னும் பிடிகொடுக்கவில்லை, நாளைக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். இப்போது நான்கு சட்டைகள் பாக்கி இருக்கின்றன.